தனியார் பல்கலைக்கழகத்தில் ஆட்கள் ஏன் வேலையில் நிலைத்து நிற்பதில்லை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை, உதவிப் பேராசிரியர்:
நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் பிஎச்.டி. பட்டம் வரை ஒரிஜினல் அத்தனையும் வாங்கிக்கொண்டு ஒரு துண்டு ரசீது கொடுத்தார்கள். சரி, எல்லா இடத்திலும் வழக்கம்தானே என்று இருந்தேன். அப்புறம் ஓர் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. ஒரிஜினல் கேட்டால், எதற்கு என்று எழுதிக் கொடுங்கள், துறைத்தலைவர் கையெழுத்து, டீன் கையெழுத்து, ஒரு மாதச் சம்பளத்துக்கு செக் என்று அலைய விட்டார்கள். அதற்குள் நான் வேறு வேலை தேடுவது கேன்டீன் வரை தெரிந்துவிட்டது. அதுவரை அரை மனதாகத்தான் இருந்தேன், அந்த அலைச்சலில்தான் கிளம்பிவிடுவது என்று முடிவானது. உங்களுக்கெல்லாம் எப்படி?

சென்னை, மெக்கானிக்கல்:
எங்களுக்கு மே மாதம்தான் சோதனை. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் போன் நம்பர் பட்டியலைக் கையில் திணித்து ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்பார்கள். ஆள் பிடிக்காவிட்டால் இன்கிரிமென்ட் கிடையாது. தெர்மோடைனமிக்ஸ் நடத்தினால் பக்கத்து செக்ஷன் பசங்களும் வந்து உட்காருகிற ஒரு சார் இருந்தார், பாவம், அவருக்கு ஆள் பிடிக்கத் தெரியாது. போய்விட்டார்.

திருச்சி, விலகியவர்:
விலகும்போது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை கேட்டேன். ஆசிரியர்களுக்குக் கிடையாது மேடம் என்றார் ஹெச்.ஆர்., முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கிராஜுவிட்டி சட்டத்தை 2009இல் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று ஆசிரியர்களையும் சேர்த்தாகிவிட்டது, 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஐந்து வருடத் தொடர் பணி இருந்தால் கேட்கலாம். தொழிலாளர் துறையில் மனு போடப் போகிறேன் என்றதும்தான் கணக்குப் போட்டார்கள். அதிலும் வேடிக்கை, கிராஜுவிட்டி அப்போது அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் (அகவிலைப்படி) வைத்துத்தானே வந்தது, அடிப்படையைக் குறைத்து மீதியை அலவன்ஸ் என்று பிரித்துப் போட்டிருந்ததால் வந்த தொகை பாதியாகிவிட்டது. சேரும்போதே சம்பளச் சீட்டில் இதைப் பாருங்கள்.

மதுரைப் பக்கம், ஹெச்.ஆர். ஆள்:
திட்டாதீர்கள், நான் அந்தப் பக்கத்து ஆள். விளம்பரத்தில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதியம் என்று போடச் சொல்வார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படையே 57,700 ரூபாய். நேர்காணல் முடிந்ததும் நாங்கள் சொல்கிற மொத்தச் சம்பளம் அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. பழையவருக்கு ஆயிரம் ரூபாய் ஏற்ற யோசிக்கிற நிர்வாகம் அதே வேலைக்குப் புதிதாக வருபவருக்கு அதைவிட அதிகம் கொடுக்கும், ஆகவே சம்பளம் ஏறவேண்டுமென்றால் வெளியே போவதுதான் வழி என்று நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். விலகுபவர்களிடம் காரணம் கேட்டு ஒரு படிவம் வைத்திருக்கிறோம், எல்லாரும் 'சொந்தக் காரணம்' என்றே எழுதுவார்கள். ரிலீவிங் ஆர்டர் (பணியிலிருந்து விடுவிக்கும் கடிதம்) எங்கள் கையில் இருக்கும்போது வேறு என்ன எழுதுவார்கள்?

எங்களிடம் ஒரு துறையில் மட்டும் ஆட்கள் நின்றார்கள். அங்கே துறைத்தலைவர் பிஎச்.டி. செய்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பே வராதபடி டைம் டேபிள் போட்டிருந்தார், லீவு கேட்டால் காரணம் நோண்டமாட்டார், அவ்வளவுதான். இதை எல்லாத் துறைக்கும் கொண்டுவரலாம் என்று மேலே எழுதி அனுப்பினேன். வாரத்தில் ஒரு நாள் சும்மா இருக்கிறார்களா, அப்படியானால் அங்கே இரண்டு பேரைக் குறைக்கலாமே என்று பதில் வந்தது.