பிரேக்கிங் டான்: கடைசியில் செத்தது யார்? ஒருவரும் இல்லை!

கத்தரிவெயில்:
பக்கத்து இழையில் மழைக்காடு எழுதியதைப் படித்ததில் என் காபி ஆறிப்போனது. ட்வைலைட் என்ற ரத்தக்காட்டேரிக் கதைத் தொடரை பிரேக்கிங் டான் புத்தகத்தில் முடித்த விதத்தில்தான் ஸ்டெஃபனி மேயரின் துணிச்சல் தெரிகிறதாம். சண்டையே போடாமல் ஒரு போரை முடிக்க எத்தனை பேரால் முடியும் என்று வேறு கேட்கிறார். அம்மணி, போர் என்று ஒன்று நடந்தால்தானே அதை முடிப்பதற்கு?

750 பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகம். ரத்தக்காட்டேரி எட்வர்டுக்கும் மனிதப் பெண் பெல்லாவுக்கும் பிறந்த குழந்தையைக் காக்க, மூன்றாம் பாகத்தில் பெரும்பகுதி எட்வர்டின் கல்லென் குடும்பம் செய்யும் ஆள் சேர்ப்பு. அலாஸ்காவிலிருந்து வருகிறார்கள், எகிப்திலிருந்து வருகிறார்கள், அயர்லாந்து, ருமேனியா, அமேசான் காடு என்று ஒரு இடம் பாக்கியில்லை. ஒருத்தி தொட்டால் ஷாக் அடிக்கும். இன்னொருத்தி நினைத்தால் எதிராளிக்குக் கண் தெரியாது. பெஞ்சமின் என்ற பையன் நீர், நிலம், காற்று, நெருப்பு நான்கையும் ஆட்டி வைப்பான். எதிர்ப்பக்கம் இத்தாலியிலிருந்து, காட்டேரிகளின் சட்டத்தைக் காக்கும் வோல்ட்டூரி கூட்டம் அங்கி போட்டுக்கொண்டு பனியில் அணிவகுத்து வருகிறது. அப்புறம்? பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பையன் வந்து எனக்கு 150 வயது, நானும் அந்தக் குழந்தை மாதிரி பாதி மனிதன்தான், யாருக்கும் ஆபத்தில்லை என்கிறான். சரி என்று எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

பந்தல் போட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, சமையல் ஆகவில்லை போய் வாருங்கள் என்றால் எப்படி இருக்கும்? ஒருவர்கூடச் சாகவில்லை.

மழைக்காடு:
இரீனா செத்தாள்.

கத்தரிவெயில்:
யார்?

மழைக்காடு:
இதற்கு மேல் உங்களோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. புத்தகத்தை விமர்சிக்க இழை தொடங்கியிருக்கிறீர்கள், இரீனா யார் என்று கேட்கிறீர்கள். அலாஸ்காவின் டெனாலி சகோதரிகளில் ஒருத்தி. பெல்லாவின் குழந்தையைப் பார்த்து, சட்டம் தடுத்திருக்கும் காட்டேரிக் குழந்தை என்று தவறாகப் புரிந்துகொண்டு வோல்ட்டூரியிடம் போய்ச் சொன்னவள். அவள் போகாவிட்டால் மூன்றாம் பாகமே கிடையாது. களத்தில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறாள், அடுத்த நிமிடம் அவளைக் கொன்று எரிக்கிறார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை என்கிறீர்களே.

கத்தரிவெயில்:
யார் என்று கிண்டலாகக் கேட்டேன். கிண்டல் புரியாதவர்களுக்கு விளக்கவுரை எழுத எனக்கு நேரமில்லை. இரீனா சண்டையில் சாகவில்லை. அது தண்டனை. அதுவும் அவளை அழைத்து வந்தவர்களே கொடுத்தது. போரில் விழுந்தவர் கணக்கில் வராது.

படம்மட்டும்:
எல்லோரும் ஏன் கோபமாக இருக்கிறீர்கள்? 2012-ல் வந்த படத்தில் செம சண்டை இருந்ததே. கல்லென் வீட்டுத் தலைவர் கார்லைல் தலை போனதும் என் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

மழைக்காடு:
அது கல்லென் வீட்டு ஆலிஸ், வோல்ட்டூரி தலைவன் ஆரோவுக்குக் காட்டும் எதிர்காலக் காட்சி, தம்பி. உண்மையில் நடக்கவில்லை. இரீனா சாவது மட்டும்தான் படத்திலும் நிஜம்.

கத்தரிவெயில்:
இதைத்தான் சொல்கிறேன்! சண்டை இல்லாமல் தியேட்டரில் ஓட்ட முடியாது என்று சினிமாக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது. கனவு என்று பொய் சொல்லியாவது பத்துத் தலையை உருட்டினார்கள். எழுதியவருக்கு அந்த அக்கறைகூட இல்லை.

படம்மட்டும்:
இரீனா என்றால் கல்யாணத்துக்கு வந்து, ஓநாய்ப் பையனைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போவாளே, அந்தப் பெண்ணா?

மழைக்காடு:
படத்தில் வருகிறாள். புத்தகத்தில் அவள் கல்யாணத்துக்கு வரவே இல்லை. அவள் காதலித்த லாரென்ட்டை ஓநாய்கள் கொன்ற கோபம்.

கத்தரிவெயில்:
பார்த்தீர்களா? கல்யாணத்துக்கே வராதவளைச் சாவுக் கணக்கில் சேர்க்கிறீர்கள். புத்தகத்தில் எங்கே வருகிறாள்? தூரத்தில் பாறை மேல் கொஞ்ச நேரம் நிற்கிறாள். அப்புறம் களத்துக்கு வருகிறாள், சாகிறாள். இவளுக்காக வாசகன் அழ வேண்டுமாம்.

பழையபுத்தகம்:
வணக்கம். வயதில் மூத்தவன் என்பதால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆலிஸ் ஓடிப்போகும்போது ஒரு குறிப்பு எழுதி வைக்கிறாள். அந்தத் தாள் எந்தப் புத்தகத்திலிருந்து கிழித்தது? பெல்லாவிடம் இருந்த ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன். அந்த நாடகத்தில் ஷைலக் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், போர்ஷியா சட்டத்தைப் பேசியே அவனை மடக்குகிறாள். இங்கேயும் சட்டம்தான் பேசப்படுகிறது. குழந்தை சட்டத்தை மீறியதா இல்லையா என்பதுதான் வழக்கு. நீங்கள் நீதிமன்றத்துக்குள் நுழைந்து மல்யுத்தம் எங்கே என்று தேடுகிறீர்கள்.

கத்தரிவெயில்:
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் போர்ஷியா வாதாடினாள். இங்கே வாதாடி வென்றது யார்? அந்த 150 வயதுப் பையன், நவேல். அதுவரை 700 பக்கத்தில் தலையே காட்டாதவன். கடைசி நேரத்தில் தென் அமெரிக்காவிலிருந்து சாட்சியை இறக்குமதி செய்து வழக்கை முடிப்பதற்கு ஷேக்ஸ்பியர் பெயரை ஏன் இழுக்க வேண்டும்? அந்த நாடகத்திலும் ஒருவரும் சாகவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பழையபுத்தகம்:
நான் அப்படி ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓநாய்க்குட்டி:
இரண்டு மணி நேரமாகப் பார்க்கிறேன். பிறந்து சில நிமிடமே ஆன குழந்தையோடு, ஓநாயாக மாறும் ஜேக்கப்புக்கு ஆயுளுக்கும் அறாத பந்தம் விழுகிறது. மூன்று புத்தகம் முழுக்க பெல்லாவுக்காக உருகியவன், அவள் மகளோடு! அதைப் பற்றி இங்கே ஒருவருக்கும் கவலை இல்லை. 2008-ல் புத்தகம் வந்தபோது அமெரிக்க ரசிகர்களில் சிலர் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள் என்று இயக்கமே நடத்தினார்கள். இன்னொன்று, ஓநாயிலிருந்து மனிதர் ஆனோம் என்ற கதை அமெரிக்காவின் லா புஷ்ஷில் வாழும் குவிலியூட் பழங்குடி மக்களுடையது, உண்மையானது. இந்தப் பந்தம் விழும் சமாசாரம் அவர்கள் கதையில் இல்லை, மேயர் சொந்தமாகச் சேர்த்தது.

கத்தரிவெயில்:
அதைத் தனி இழையில் பேசுங்கள். இங்கே பேசுவது சாவு.

ஓநாய்க்குட்டி:
ஜேக்கப்புக்கு அது சாவுதான்.

மழைக்காடு:
கத்தரி அவர்களே, அட்டையைப் பார்த்தீர்களா? வெள்ளை ராணி முன்னால், சிவப்புச் சிப்பாய் பின்னால். சதுரங்கம். பலவீனமான காயாகத் தொடங்கிய பெல்லா கடைசியில் ராணி ஆகிறாள். சதுரங்கத்தில் ராஜாவை யாராவது வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நகர இடமில்லை என்றதும் ஆட்டம் முடிந்தது. பெல்லாவின் மனக் கவசத்துக்கு முன், வோல்ட்டூரி ஆட்களான ஜேன் தரும் வலியும் அலெக் பரப்பும் மூட்டமும் செல்லாது என்று தெரிந்ததும் ஆரோ என்ன செய்வான்? தோற்கிற சண்டையை அவன் ஆயிரம் ஆண்டுகளாகப் போட்டதில்லை. கணக்குப் போட்டான், போய்விட்டான். அதற்கு முன் சண்டையைக் கிளப்பிவிட இரீனாவைக் கொன்று பார்த்தார்கள். அக்காள் தங்கைகள் பாய்ந்திருந்தால் போர்தான். ஷாக் அடிக்கும் சகோதரி கேட் பாயாமல் காரெட் என்பவன் கட்டிப் பிடிக்கிறான், ஷாக் அடித்தும் விடவில்லை. எனக்கு அந்த இடத்தில் கை நடுங்கியது. இதே சட்டத்தில் தாயைப் பறிகொடுத்த பெண் இரீனா. அந்தப் பயத்தில்தான் இத்தாலிக்கு ஓடினாள். அவள் கணக்கில் வரமாட்டாளா?

கத்தரிவெயில்:
நீளமாக எழுதினால் உண்மை ஆகிவிடாது. சதுரங்கம் என்கிறீர்கள். ராஜாவை வெட்ட மாட்டார்கள், சரி. குதிரை வெட்டுப்படும், யானை வெட்டுப்படும். இந்த ஆட்டத்தில் கல்லென் வீட்டுப் பக்கம் ஒரு சிப்பாய்கூட வெட்டுப்படவில்லையே. ஜேக்கப் பேசும் முதல் அத்தியாயத்தின் தலைப்பு என்ன? இந்தப் பாழாய்ப்போன சண்டை எப்போதுதான் தொடங்குமோ என்ற அர்த்தம் வரும். அது எட்டாவது அத்தியாயம். புத்தகத்தில் மொத்தம் 39. அன்றிலிருந்து நானும் காத்திருக்கிறேன்.

புத்தகத்துக்குள்ளேயே என் கட்சி ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ருமேனியர்கள், விளாடிமிரும் ஸ்டெஃபானும். வோல்ட்டூரி அழிவதைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து, சண்டை இல்லை என்றதும் வெறுத்துப் போய்க் கிளம்புகிறார்கள். அந்த இருவரையும் நான் எந்த ஊரில் பார்த்தாலும் டீ வாங்கிக் கொடுப்பேன்.

படம்மட்டும்:
அவர்கள் டீ குடிக்க மாட்டார்கள் அண்ணே.

மழைக்காடு:
கல்லென் வீட்டுப் பக்கம் என்று இப்போது மாற்றுகிறீர்கள். முதலில் ஒருவர்கூட என்றீர்கள். மேலே போய்ப் பாருங்கள், தலைப்பிலேயே இருக்கிறது.

கத்தரிவெயில்:
தலைப்பு தலைப்புக்காக. போன மாதம் எட்வர்ட் பற்றிய இழையிலும் இப்படித்தான் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். மறக்கவில்லை.

மழைக்காடு:
அந்த இழையில் எட்வர்ட் பிறந்தது 1918 என்று எழுதியவர் நீங்கள். 1901. 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தான். நானும் மறக்கவில்லை.

ஓநாய்க்குட்டி:
ரெனெஸ்மியா ரெனெஸ்மேயா? பாட்டிகள் இரண்டு பேர் பெயரையும் ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்களைப் பற்றியாவது ஒரு வார்த்தை பேசலாமே.

பழையபுத்தகம்:
ரெனெஸ்மே. ரெனே, எஸ்மே. முடிவு பிடிக்கவில்லை என்று வாசகர் சண்டை போடுவது புதிதல்ல. பொன்னியின் செல்வன் முடிந்தபோதும் கதை பாதியில் நிற்கிறது என்று குறைப்பட்டார்கள், கல்கியே முடிவுரையில் பதில் எழுத வேண்டியிருந்தது.

கத்தரிவெயில்:
கல்கியை இங்கே இழுக்காதீர்கள் ஐயா. அங்கே ஆதித்த கரிகாலன் செத்தான். கொன்றது யார் என்றுதான் சண்டை. இங்கே கொல்வதற்கு ஆளே இல்லை.

மழைக்காடு:
இரீனா.

கத்தரிவெயில்:
மறுபடியுமா!

பழையபுத்தகம்:
ஒரு சின்ன விஷயம். இவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 2011-ல் என்னிடம் இரவல் வாங்கிப் போன நியூ மூன், இந்தத் தொடரின் இரண்டாம் புத்தகம், உங்களிடம்தானே இருக்கிறது? லாரென்ட் சாவது அதில்தான். அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் இரீனாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும்.

ஓநாய்க்குட்டி:
ஆகா.

படம்மட்டும்:
அண்ணே, பதில் சொல்லுங்கள்.

கத்தரிவெயில்:
அது வேறு விஷயம். வீடு மாறியபோது எங்கோ ஒரு பெட்டியில் போட்டேன், தேடித் தருகிறேன். இரீனா கணக்கில் வராது.