முத்திரை இல்லாத பழைய கண்ணாடி: செய்தவரைத் தேடிய அனுபவங்கள்

என்னிடம் நிறமற்ற, பாதம் வைத்த கிண்ணம் ஒன்று இருக்கிறது. அகலமான பட்டைகள் வாயிலிருந்து அடிவரை இறங்குகின்றன. உள்ளேயும் வெளியேயும் எந்த முத்திரையும் இல்லை. அதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பாதி வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டவன் நான்.

அது ஊதிச் செய்ததா, அச்சில் அழுத்திச் செய்ததா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். ஊதும் குழாயிலிருந்து பாத்திரத்தைப் பிரிப்பதற்கு முன் அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பின்னர் கம்பியைத் தட்டி எடுத்த இடத்தில் கரடுமுரடான தழும்பு நிற்கும், அல்லது அதைச் சாணை பிடித்து மெருகிட்ட வட்டக் குழி இருக்கும். என் கிண்ணத்தில் இரண்டும் இல்லை. ஆனால் சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்பியபோது மூன்று இடங்களில் மயிரிழை போன்ற மேடு மேலிருந்து கீழாக ஓடுவது தெரிந்தது. நகத்தால் வருடினால் பட்டைகளின் நடுப்பகுதியில் தட்டுப்பட்ட அந்தக் கோடு, வாய் விளிம்பை நெருங்க நெருங்கக் கரைந்து இல்லாமலே போயிற்று. அச்சின் பாகங்கள் கூடும் இடத்தில் விழும் கோடு அது. விளிம்பருகே அது மறைந்ததற்குக் காரணம், அச்சிலிருந்து எடுத்த பிறகு பாத்திரத்தை மீண்டும் தீயில் காட்டி மெருகேற்றியிருக்கிறார்கள் என்பதே.

அத்தகைய தீ மெருகுக்குப் பெயர்பெற்றது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நியூவர்க் நகரில் இயங்கிய ஹைசி நிறுவனம். அதன் பழைய விலைப்பட்டியல்களின் மறுபதிப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பட்டைகளின் எண்ணிக்கை, பாதத்தின் படிகள், விளிம்பின் விரிவு ஆகிய மூன்றும் ஒத்துவரும் படத்தைக் கண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வைரக் கட்டத்துக்குள் எச் என்னும் எழுத்தைப் பொறிப்பது அவர்கள் வழக்கம் என்றாலும், எல்லாப் பாத்திரங்களிலும் அதைப் பொறிக்கவில்லை. சிலவற்றில் காகிதச் சீட்டு மட்டுமே ஒட்டினார்கள், அது முதல் கழுவலிலேயே போயிருக்கும். ஆகவே முத்திரை இல்லாதது எனக்கு ஒரு தடையாகவே படவில்லை.

நான் கவனிக்கத் தவறியது, அந்தத் தொழிற்சாலை மூடிய பிறகு நடந்ததை. 1957-இல் ஹைசி மூடப்பட்டது. 1958-இல் அதன் அச்சுகளை அதே மாநிலத்தைச் சேர்ந்த இம்பீரியல் நிறுவனம் வாங்கியது. அந்த அச்சுகளில் பலவற்றைக் கொண்டு அவர்கள் பிறகும் பாத்திரங்கள் செய்தார்கள். விலைப்பட்டியல் படம் அச்சை வெட்டியவரைக் காட்டுமே தவிர, என் கிண்ணத்தின் கண்ணாடியை அந்த அச்சில் ஊற்றியவரைக் காட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஹைசி ஒருபோதும் செய்யாத நிறத்தில் இருந்திருந்தால் விடை சுலபம். நிறமற்றதில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அடிப்பகுதியின் தேய்மானத்தைப் பார்த்தேன்: எல்லாத் திசையிலும் ஓடும் நுண்கீறல்கள், செயற்கையாகத் தேய்த்ததுபோல ஒரே திசையில் இல்லை. ஆனால் 1958-க்குப் பின் செய்த கிண்ணத்துக்கும் இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு தேய்மானம் வந்திருக்குமல்லவா! இப்போது அலமாரியில் உள்ள சீட்டில் ‘ஹைசி அச்சு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

*

மேலே எழுதிய நண்பருக்கு முத்திரை இல்லாதது குழப்பம். எனக்கோ கையொப்பம் இருந்ததுதான் குழப்பம். எண்ணெய்ப் படலம் போல மினுங்கும் பச்சைப் பூச்சாடி ஒன்றை, அடியில் ‘லோட்ஸ், ஆஸ்திரியா’ என்று செதுக்கியிருந்ததை நம்பி ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். அன்று ஆஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்து இன்று செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் இயங்கிய லோட்ஸ் நிறுவனத்தின் பாத்திரங்களில் பெரும்பாலானவை கையொப்பமே இல்லாதவை என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். கிராலிக், ரிண்ட்ஸ்கோஃப் போன்ற அண்டை நிறுவனங்களும் அதே காலத்தில் அதே மினுக்கத்தில், அவையும் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே, பூச்சாடிகளைச் செய்து குவித்தன. பெயர் இல்லாத சாடிக்குப் பெரிய பெயர் ஒன்றைச் சூட்டிவிட யாருக்காவது ஆசை வருவதற்கு இதைவிட வசதியான நிலைமை வேறில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சை வைத்து அந்த எழுத்துகளைப் பார்த்தேன். அடியின் பழைய தேய்மானக் கீறல்கள் எழுத்தின் பள்ளத்தை ஒட்டி வந்து அறுபட்டு, மறுகரையில் தொடர்ந்தன. எழுத்து பழையதாக இருந்தால் சில கீறல்களாவது அதன் ஓரங்களை மழுக்கியிருக்க வேண்டும். இங்கு ஓரங்கள் நேற்று வெட்டியதுபோல வெண்மையாக, பொடிப்பொடியாகச் செதிள் பெயர்ந்து நின்றன. சாடி பழையது, பெயர் புதியது. கையொப்பத்தை மனத்தால் அழித்துவிட்டுச் சாடியின் வடிவத்தையும் பூவேலையையும் மட்டும் ஒப்பிட்டதில் இன்றுவரை கிராலிக் பக்கமே தராசு சாய்கிறது.

*

மேலே இருவர் எழுதிய அச்சிலும் கையொப்பத்திலும் அகப்படாததைச் சில சமயம் எடை சொல்லிவிடும் என்பது என் அனுபவம். தடித்த தண்டும் கூம்பு வடிவப் பாதமும் கொண்ட மதுக்கிண்ணம் ஒன்று ஈயக் கண்ணாடியா என்று அறிய விரும்பினேன். 1674-இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்றதிலிருந்து இங்கிலாந்தின் நல்ல மதுக்கிண்ணங்கள் ஈயம் கலந்தவை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டு, சாதாரண சோடாக் கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 என்றால், ஈயக் கண்ணாடியினுடையது 3-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்.

காற்றில் 248 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தபோது 156 கிராம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 92; அதுவே கிண்ணம் விலக்கிய தண்ணீரின் எடை. அதனால் 248-ஐ வகுத்தால் அடர்த்தி 2.7. எந்த வகையிலும் சேராத எண். நெடுநேரம் விழித்துக்கொண்டிருந்த பிறகே பாதத்தின் அடியில் பளபளவென்று ஒரு காற்றுக்குமிழ் சிறைப்பட்டிருப்பதைக் கண்டேன். கிண்ணத்தை நேராக இறக்கினால் கூம்புப் பாதம் விரித்த குடைபோலக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. சாய்த்து இறக்கியபோது 168 கிராம் வந்தது. வித்தியாசம் 80, அடர்த்தி 3.1. ஈயம் உறுதியாயிற்று.

ஆனால் பிற்கால நகல்களையும் ஈயக் கண்ணாடியில் செய்திருக்கிறார்கள் என்பதால் காலத்தை இந்த எண் தீர்மானிக்காது. பதினெட்டாம் நூற்றாண்டு மதுக்கிண்ணங்களில் செய்தவர் பெயர் பொறிக்கும் வழக்கம் அநேகமாக இல்லாததால், பெயரைத் தேடுவதை நான் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். முதலில் எழுதிய நண்பர் தம் கிண்ணத்தையும் தண்ணீரில் தொங்கவிட நினைத்தால், அச்சைக் கொடுத்தவரையும் வாங்கியவரையும் பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதத்தைச் சாய்த்து இறக்க மட்டும் மறக்க வேண்டாம்.