சாரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தர ஆள் தேவை

வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, மேற்கு வங்கத்துக்காரர்கள். காலையில் தமிழில் சொல்லும் பாதுகாப்பு விஷயங்களுக்குத் தலையாட்டுகிறார்கள். மேலே போய்ப் பார்த்தால் பெல்ட் போட்டிருப்பார்கள், கொக்கியை மாட்டியிருக்க மாட்டார்கள். மாட்டுகிறவர்களும் கால் பக்கத்துக் குழாயில்தான் மாட்டுகிறார்கள். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கிற கயிறு 1.8 மீட்டர் என்றால், கொக்கி காலடியில் இருக்கும்போது முதலில் அந்த உயரத்துக்கு விழுந்து, அப்புறம் கயிற்றின் நீளத்துக்கும் விழ வேண்டும்; முதுகில் கயிறு மாட்டிய பெல்ட்டானால் 3 மீட்டருக்கு மேல் விழுந்த பிறகுதான் அது இழுத்துப் பிடிக்கும். தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும் என்பதை ஒடியாவிலோ பெங்காலியிலோ, சாரத்தடியில் நின்று செய்து காட்டுகிற ஒருவர் வேண்டும். உட்கார வைத்துப் படம் காட்டுவது போதாது, பார்த்துவிட்டோம். சென்னையில் யாரையாவது தெரியுமா? கட்டணத்தை நிறுவனம் தரும். அடுத்த வாரம் வெளிப்பூச்சு தொடங்குகிறது, அதற்குள் வந்தால் நல்லது.