முன் என்ஜின் பஜாஜ் ஆட்டோ: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காரைக்குடி பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் 1971 பஜாஜ் ஆட்டோ ஒன்று கிடைத்திருக்கிறது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948இல் கொண்டுவந்த ஆப்பே என்ற மூன்று சக்கர வண்டியின் வழிவந்தது; என்ஜின் முன்பக்கம் உள்ள, கையால் லீவரை இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடல்.

ஓட்டுநர் கால் வைக்கும் தகடு விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. பிஸ்டன் இறுகிவிட்டது. பிளக் துளை வழியே டீசல் ஊற்றி நான்கு நாளாயிற்று, அசையவில்லை. சுத்தியலால் தட்ட மனசு வரவில்லை. மதுரை, திருச்சி வட்டாரத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் கை பழகிய மெக்கானிக் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம், ஆர்.சி. உரிமையாளர் இறந்துவிட்டார். மகன் படிவம் 31 கொடுத்து முதலில் தன் பெயருக்கு மாற்றத் தயார். 2021இல் வந்த விண்டேஜ் (மிகப் பழைய வண்டிகள்) பதிவு விதி இரு சக்கரத்துக்கும் காருக்கும்தான், இதற்குப் பொருந்தாது. ஆட்டோவைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிப் பதிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பழைய ஹெட்லைட் வளையம் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.