அம்மாவின் கேஸ் மாத்திரை: 14 நாளைக்குக் கொடுத்தது நாலு வருஷமாக ஓடுகிறது

குடியாத்தம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம். முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் மதியம்தான் நிமிர்வார். காலையில் டீ மட்டும், பதினோரு மணிக்கு மேல்தான் எதையாவது சாப்பிடுவார். ராத்திரி சாப்பாடு பத்து மணிக்கு, சாப்பிட்ட கையோடு படுக்கை. நான் கல்யாணமாகிக் காட்பாடியில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வருவேன்.

2021 தீபாவளி சமயத்தில் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் அதிகமாகி ஒரு டாக்டரிடம் காட்டினோம். பேன்டோபிரசோல் 40 மி.கி.யும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூலை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ரேஷன் கார்டோடு மஞ்சள் பைக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. போன வாரம் பிரித்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்திருந்தாலும் மருந்துப் பெயருக்கு எதிரே '14 நாள்' என்று எழுதியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அம்மாவோ நாலு வருஷமாக விடாமல் சாப்பிடுகிறார். ஊரில் ஒரு கடையில் காலி அட்டையைக் காட்டினால் புது அட்டை கொடுத்துவிடுகிறார்கள். ஒரு நாளும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அதே கடையில் முட்டி வலிக்கும் ஒரு மாத்திரை வாங்குகிறார். அட்டையைத் திருப்பிப் படித்தால் அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று இருக்கிறது. தினம் ஒன்று, கூலி போடுகிற நாளுக்கு முந்தைய நாள் வேலை அதிகம் என்பதால் இரண்டு. இது ஒரு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, ஏழு வருடமாக.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது நான்தான் பிடிவாதமாகக் கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் ராத்திரி தூங்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே விடியும்வரை இருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. நானே எழுந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

நிறுத்தினால் இப்படி எரிகிறது என்றால் ஆயுசு முழுக்க இது தேவை என்று அர்த்தமா? தொடர்ந்து கொடுத்தால் கெடுதலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாணியம்பாடி அக்கா:

கண்ணு, முதலில் ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு மாற்றச் சொல். காலையில் பழைய சோறு, மோர். வாரம் மூன்று நாள் மணத்தக்காளிக் கீரை. என் மாமியாருக்கு அதிலேயே பாதி குறைந்தது. தலைமாட்டில் கட்டில் காலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துப் பார்.

காட்பாடி மருந்தாளுநர்:

சகோதரி, 24 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். உங்கள் அம்மாவைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்றாம் நாள் ராத்திரி. அமிலத்தை இந்த மாத்திரையிலுள்ள பேன்டோபிரசோல் பல மாதம் அடக்கி வைத்திருக்கும்போது, உடம்பு அதை ஈடுகட்டப் பார்க்கும். சுரக்கச் சொல்லும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறும், சுரக்கிற செல்களும் பெருகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் ஒரே சமயத்தில் வேலை செய்யும். முன்பு இருந்ததைவிட அதிக அமிலம் வரும். 2009-இல் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நிறுத்திய பிறகு, மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு மாதிரி தொல்லைகள் வந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவருக்கு எட்டு வாரத்திலேயே இப்படி. உங்கள் அம்மாவுக்கோ நாலு வருஷம். ஆகவே அந்த எரிச்சலை மட்டும் வைத்து, ஆயுசு முழுக்கத் தேவை என்று முடிவு கட்ட முடியாது. நீங்கள் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்ததிலும் தப்பில்லை. தப்பு, ஒரே நாளில் நிறுத்தியதுதான். டாக்டர் சொல்படி 40-ஐ 20 ஆக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வாரக்கணக்கில் இறக்க வேண்டும். நடுவில் எரிந்தால், அமிலத்தை முறிக்கும், குடிக்கிற ஜெல் மருந்தோ, அமிலத்தைக் குறைக்கிற வேறு வகை மாத்திரையான ஃபாமோடிடினோ கைகொடுக்கும்.

அம்மா மாத்திரையை எப்போது சாப்பிடுகிறார்? நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலோர் டிபனுக்கு அப்புறம்தான் போடுகிறார்கள், அதனால் பாதிப் பலன் வீணாகிறது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கிற பம்புகள் இருக்கின்றன, நம் கிணற்று மோட்டார் மாதிரி. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அவை ஓட ஆரம்பிக்கும். இந்த மருந்து, ஓடுகிற மோட்டாரை மட்டும்தான் பிடித்துப் பூட்டும். மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். ஆக, அது ரத்தத்தில் வந்து நிற்கிற நேரமும் மோட்டார் ஓடுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு. மாத்திரை போட்டுவிட்டு டீயோடு பதினோரு மணிவரை இருந்தால், பூட்ட வேண்டிய மோட்டார் ஓடுவதற்குள் மருந்து போய்விடும். இதை நசுக்கியோ கடித்தோ சாப்பிடக் கூடாது. அமிலத்தில் அழியாமல் இருக்கத்தான் மேலே அந்தப் பூச்சு.

டோம்பெரிடோன் தனி விஷயம். அது வாந்திக்கான மருந்து, சில நாளைக்கு மட்டும் கொடுப்பது. சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் என்பதால், ஐரோப்பாவில் 2014-இலேயே ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு வருஷம் சாப்பிட வேண்டிய மருந்தே இல்லை அது. டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் பதிவில் என்னை அதிகம் பயமுறுத்தியது முட்டி வலி மாத்திரைதான். இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிபடாமல் இருக்க, ஒரு வழவழப்பான பூச்சைச் சுரந்துகொள்கிறது. அதைச் சுரக்கச் செய்கிற பொருளையே அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் குறைத்துவிடும். புண் வரும், வயதானவர்களுக்கு வலியே இல்லாமல்கூட வரும். ஒரு கையால் கேஸ் மாத்திரை, இன்னொரு கையால் புண்ணை உண்டாக்குகிற மாத்திரை என்று ஒரே கடையில் வாங்குகிறார்கள். முட்டிக்கு வெறும் பாராசிட்டமால், மேலே தடவுகிற ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி என்று மாற்று வழி கேளுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு உள்ளங்கால் மரத்துப்போகிறதா, ஊசி குத்துகிறாற்போல் இருக்கிறதா? வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பு பாதித்து அப்படி ஆகலாம். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும், இந்த மாத்திரையும் குறைக்கும். இரண்டும் வருடக்கணக்கில் சேர்ந்தால் ரத்தத்தில் பி12 பார்த்துவிடுவது நல்லது.

என் கடைக்கும் காலி அட்டையோடு வருகிறார்கள். முன்பு நானும் கேட்காமல் கொடுத்ததுண்டு. இப்போது சீட்டு எந்தத் தேதியில் எழுதியது என்று பார்க்காமல் கொடுப்பதில்லை. சில பேர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

குடியாத்தம் மகள்:

அண்ணா, படித்துவிட்டு உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். மாத்திரையை டீ குடித்த பிறகுதான் போடுகிறாராம். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது மாதிரி ஆறு மாதமாக இருக்கிறதாம். "பீடி சுற்றி உட்கார்ந்தே இருக்கிறேன், அதான்" என்று என்னிடம் சொல்லவே இல்லை. டாக்டரிடம் போவதற்குள் கேஸ் மாத்திரையையும் வலி மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடட்டுமா?

ஆற்காடு ஓய்வு ஆசிரியர்:

அம்மா, அவசரப்பட்டுக் கேஸ் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

2019-இல் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிட்டு வந்தேன். வயிற்றுக்குக் காப்பாகப் பேன்டோபிரசோலும் கொடுத்திருந்தார்கள். கேஸ் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. யாரையும் கேட்காமல் அதை மட்டும் நிறுத்தினேன். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றமே வேறாகப் போனது. முந்தின நாள் சாப்பிட்ட எதனாலோ என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 6.8. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபியில் ரத்தம் கசிகிற புண். இன்றும் பேன்டோபிரசோல் சாப்பிடுகிறேன், இனியும் சாப்பிடுவேன். எனக்கு அது தேவை. உங்கள் அம்மாவுக்குத் தேவையா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதே வகையைச் சேர்ந்த ஒமிபிரசோல் கொடுக்காமல் ஏன் இது என்று கேட்டேன். ஒமிபிரசோல், குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

என் அப்பாவுக்கு 1979-இல் வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. மார்புக்குழியிலிருந்து தொப்புள்வரை நேராக ஒரு தழும்பு. அந்தக் காலத்தில் அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைக் குடலோடு இணைத்துத் தைப்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேருக்கு அதே தழும்பு. பட்டினியும் காரமும் கவலையும்தான் காரணம் என்றே எல்லோரும் நம்பினோம். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் வாழ்ந்து புண்ணை உண்டாக்கும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் தழும்புதான் ஞாபகம் வரும். பத்துப் பதினாலு நாள் மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய நோய்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடி மருந்தாளுநர்:

ஐயா சொன்னதுதான் சரி. வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், கேஸ் மாத்திரை ஓடட்டும். கறுப்பு மலம், காப்பித்தூள் மாதிரி வாந்தி, விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.

கிருமிக்கு மல டெஸ்டோ மூச்சு டெஸ்டோ எடுப்பதானால் இந்த மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் என்றால் நாலு வாரம். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். கிருமியைக் கொல்லக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், அம்மா டோம்பெரிடோன் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

குடியாத்தம் மகள் (ஐந்து வாரம் கழித்து):

அம்மாவை வேலூருக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். எண்டோஸ்கோபிக்குப் பயந்து முந்தின நாள் முழுக்க அழுதார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சின்னப் புண். சதை எடுத்துப் பார்த்ததில் கிருமியும் இருக்கிறது, பயப்படும்படி வேறெதுவும் இல்லை. பி12 குறைவு, அதற்கு ஊசி நடக்கிறது. டோம்பெரிடோனையும் வலி மாத்திரையையும் அடித்துவிட்டார்கள்.

14 நாள் கிருமி மருந்து: காலையும் இரவும் பேன்டோபிரசோல், அதோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். நான் லீவு போட்டுக்கொண்டு முதல் வாரம் அங்கேயே தங்கினேன். வாயெல்லாம் இரும்பு கடித்த மாதிரிக் கசக்கிறது, வேண்டாம் என்றார். விடவில்லை. நாலாம் நாள் மலம் கறுத்ததும் கை கால் ஓடவில்லை, ஆசிரியர் ஐயா எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். தலைசுற்றல் உண்டா, தார் மாதிரி பிசுபிசுக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், பிஸ்மத் சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும் என்றார்.

இப்போது ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்குக் கேழ்வரகுக் கூழ், அப்புறம்தான் முறத்தை எடுக்கிறார். ராத்திரி சுவரில் சாய்ந்து உட்காருவது இல்லை. எட்டு வாரம் முடிந்ததும் புண் ஆறிவிட்டதா என்று மறுபடி எண்டோஸ்கோபி. அதன் பிறகு மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மல டெஸ்ட். அண்ணா, அந்த இரண்டு வாரத்தில் எரிந்தால் ஜெல் கொடுக்கலாமா?

காட்பாடி மருந்தாளுநர்:

கொடுக்கலாம் சகோதரி. சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்தும் படுக்கும் முன்பும் இரண்டு ஸ்பூன். டெஸ்ட் எடுக்கிற இடத்திலும் ஜெல் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். வேறு மாத்திரை எதுவும் அதே நேரத்தில் வேண்டாம், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.