அரசு கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா?

பாலாற்றங்கரை:

தங்கை மகளுக்கு எங்கள் மாவட்ட அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. கட்டண ரசீதை வரி வரியாகப் படித்தேன். கல்விக் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம். அதற்குக் கீழே நூலகம், விளையாட்டு, ஆண்டு மலர், அடையாள அட்டை, மருத்துவப் பரிசோதனை, பல்கலைக்கழகப் பதிவு என்று சில்லறைத் தலைப்புகள். எல்லாம் சேர்த்தும் மூவாயிரத்தைத் தொடவில்லை. பக்கத்து அறையில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று ரொக்கமாக 1,000 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு "அப்புறம் வாங்கிக்கங்க" என்றார்கள்.

அரசுக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் ரத்தானது 2007-08இல். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கூலி வேலைக்காரர் மகளும் தாலுகா அலுவலக அதிகாரி மகளும் ஒரே பூஜ்யம்தான் கட்டுகிறார்கள். துறையில் ஆசிரியர் நாற்காலி பாதி காலி. அந்த 1,000 ரூபாயில்தான் மணிக்கணக்கு ஆசிரியருக்குச் சம்பளம் போகிறதாம். இதற்குப் பேசாமல் வெளிப்படையாக ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வைத்து, வருமானம் குறைந்தவர்களுக்கு முழு விலக்குக் கொடுத்தால் என்ன? அடிக்க வராதீர்கள், வாதம் வையுங்கள்.

கறிவேப்பிலை:

அடிக்கவில்லை சார். ஆனால் அந்தத் தாலுகா அலுவலக அதிகாரியின் மகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அவள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ தனியார் பொறியியல் கல்லூரியில் இருப்பாள். மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிக்கு வருவது நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் பிள்ளைகள். வசதியானவன் இலவசமாகப் படிக்கிறான் என்பது இந்தக் கல்லூரிகளில் காலெடுத்து வைக்காதவர்கள் சொல்லும் கதை.

அரசே இதைப் புரிந்துதான் நடக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். 50 ரூபாயிலேயே விலக்கு யோசிக்க வேண்டிய இடத்தில் 10,000 ரூபாய் பற்றிப் பேசுகிறோம்.

பேரேடு:

கறிவேப்பிலை உணர்ச்சியில் பேசுகிறார். நான் கணக்கில் பேசுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த புன்னையா குழு 1993லேயே சொன்னது இதைத்தான்: நடப்புச் செலவில் 15 சதவீதமாவது மாணவர் கட்டணம் போன்ற சொந்த வருவாயில் வரவேண்டும், பத்து ஆண்டுகளில் அது 25 சதவீதமாக வேண்டும். முப்பது வருஷம் ஓடிவிட்டது. நாம் எதிர்த்திசையில் பூஜ்யத்துக்கு வந்திருக்கிறோம். சரி, அது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கொள்கை. ஆனால் யாரோ அந்தப் பணத்தைக் கட்டித்தானே ஆகவேண்டும்? கட்டணம் வராத இடத்தில் ஆசிரியர் நியமனம் நின்றுவிடுகிறது. மாணவன் பணமாகக் கட்டாததை, பாடம் நடக்காத வகுப்பாகக் கட்டுகிறான்.

இன்னொன்று. புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வனில் பையன்களுக்கும் அதே. ஆண்டுக்கு 12,000 வருகிறது. அதில் 10,000 கட்டச் சொன்னால் வானம் இடிந்து விழுமா?

நடு பெஞ்ச்:

அண்ணா, நான் இப்போது மூன்றாம் ஆண்டு பி.காம். மாதம் 1,000 ரூபாய் எங்கே போகிறது என்று நான் சொல்லட்டுமா? எங்க ஊரிலிருந்து கல்லூரி 34 கிலோமீட்டர். என் அக்காவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. எனக்கு பாஸ் உண்டு, ஆனால் பாஸ் செல்லும் பஸ் காலையில் ஒன்றுதான். அதை விட்டால் ஷேர் ஆட்டோ. மதியம் சாப்பாடு, நோட்டு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ். மிச்சம் வீட்டுக்கு.

நீங்கள் எல்லோரும் டியூஷன் ஃபீஸ் பற்றியே பேசுகிறீர்கள். எங்களை அரிப்பது அது இல்லை. தேர்வுக் கட்டணம் பேப்பருக்கு இவ்வளவு என்று செமஸ்டருக்கு ஒருமுறை. அரியர் இருந்தால் அதற்கும் தனி. கடைசித் தேதி தாண்டினால் அபராதம். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால், அதை மன்னித்துத் தேர்வெழுத விட கண்டோனேஷன் கட்டணம். அறுவடை நேரத்தில் வேலைக்குப் போகிறவன்தான் அதில் மாட்டுவான். மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல், தற்காலிகச் சான்றிதழ், பட்டமளிப்பு என்று வாசலுக்கு வாசல் வசூல். கல்லூரி பூஜ்யம் என்கிறது, பல்கலைக்கழகம் அதை எங்களிடம் தவணை முறையில் எடுத்துக்கொள்கிறது.

கறிவேப்பிலை:

தம்பி சரியான இடத்தைத் தொட்டார். 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் என்ன செய்தது என்று நினைவிருக்கும். தேர்வுக் கட்டணத்தை ஒரேயடியாக 50 சதவீதம் ஏற்றினார்கள். இளநிலையில் தாள் ஒன்றுக்கு 150 ரூபாய் 225 ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த செமஸ்டருக்கு நிறுத்தி வைத்தார்கள். கல்விக் கட்டணத்தை ஏற்றினால் அரசியல் பிரச்சினை, சட்டசபையில் கேள்வி வரும். தேர்வுக் கட்டணத்தை ஏற்ற பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் ஒரு கூட்டம் போதும்.

பழைய சூப்பிரண்ட்:

அரசுக் கல்லூரி அலுவலகத்திலேயே என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஓய்வு பெற்றுவிட்டதால் கொஞ்சம் தாராளமாகவே எழுதலாம்.

மாணவர் கட்டும் பணம் ஒரே இடத்துக்குப் போவதாக இங்கே எல்லோரும் நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு பங்கு அரசுக் கணக்குக்கு, ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு, மீதி கல்லூரியில் சிறப்புக் கட்டணம் என்ற பெயரில் தலைப்பு வாரியாகக் கிடக்கும். கல்விக் கட்டணம் ரத்தானபோது போனது அரசுக் கணக்குக்குப் போன பங்கு. அதனால் கல்லூரிக்கு நேரடியாக ஒன்றும் குறையவில்லை, ஏனென்றால் அந்தப் பணம் முன்பும் கல்லூரிக்கு வந்ததில்லை. பாலாறு சார் சொல்லும் 10,000 ரூபாயும் அப்படியே கருவூலத்துக்குப் போனால், காலி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். இதை முதலில் மனதில் வையுங்கள்.

சிறப்புக் கட்டணத்தின் கதை வேறு. பல தலைப்புகளில் தொகை எப்போதோ நிர்ணயித்தது. ஆண்டு மலருக்கு வாங்கும் பணத்தில் அட்டைகூட அச்சடிக்க முடியாது. விளையாட்டுக்கு வாங்கியதில் ஒரு கைப்பந்து வலை வாங்கி, கம்பம் நடக் காசில்லாமல் ஸ்டோர் ரூமில் போட்ட கல்லூரி எனக்குத் தெரியும். ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு எடுத்தால் தணிக்கையில் தடை எழுதுவார்கள். ஆகவே நூலகத் தலைப்பில் பணம் தூங்கும், கழிவறைக்குத் தண்ணீர் மோட்டார் வாங்க வழியிருக்காது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் பெற்றோர் ஆசிரியர் கழகம். துப்புரவாளர், இரவுக் காவலர், மணிக்கணக்கு ஆசிரியர், அச்சுப்பொறிக்கு மை, எல்லாம் அதில். ரசீது தராதது தவறு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பணத்தை நாளைக்கே நிறுத்தினால் மறுநாள் கல்லூரி நாறும், சொல்லிவிட்டேன்.

பேரேடு:

சூப்பிரண்ட் ஐயா சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். கட்டணம் கருவூலத்துக்குப் போகாமல் கல்லூரியிலேயே தங்கட்டும். அப்போது கல்லூரி முதல்வர் ஆள் போடலாம். இப்போது கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன உச்சவரம்பு 50,000. பாதிச் சம்பளத்துக்கு முனைவர் பட்டம் பெற்றவரை வைத்து வேலை வாங்கிக்கொண்டு, மாணவனுக்கு இலவசம் என்று மார்தட்டுகிறோம். இந்த இலவசத்துக்கு உண்மையில் விலை கொடுப்பவர் அந்த விரிவுரையாளர்.

கறிவேப்பிலை:

விரிவுரையாளர் வயிற்றைக் காட்டி மாணவன் சட்டைப்பையில் கை விடுகிறீர்கள். அவருக்குச் சம்பளம் தரவேண்டியது அரசு.

கட்டணம் கல்லூரியிலேயே தங்கட்டும் என்கிறீர்களே, அதற்கும் முன்னுதாரணம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி 2013இல் அரசு அதைக் கையில் எடுத்தது. பெயர் அரசு, கட்டணம் மட்டும் பழைய தனியார் கணக்கு. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 2020இல் ஆண்டுக்கு 5.44 லட்சம். அதே வருடம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரியில் 13,610 ரூபாய். நாற்பது மடங்கு! பல்கலைக்கழகத்துக்கு வருமானம் வேண்டும் என்றுதான் ஏழெட்டு வருஷம் அதைத் தொடாமல் வைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் சிதம்பரத்தில் உட்கார்ந்தார்கள். விடுதி மெஸ்ஸை மூடியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஐம்பது நாளுக்கு மேல் போராடிய பிறகு 2021 பிப்ரவரியில் கட்டணம் 13,610க்கு வந்தது, கல்லூரியும் சுகாதாரத் துறைக்குப் போனது. நிறுவனத்தின் வயிற்றை மாணவன் கட்டணத்தில் நிரப்ப ஆரம்பித்தால் அங்கேதான் போய் நிற்கும்.

பேரேடு:

நாற்பது மடங்கு நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 13,610 என்று குறைத்த பிறகு மீதி ஐந்து லட்சத்துச் சொச்சத்தை யார் கொடுக்கிறார்கள்? வரி கட்டுகிற, தன் பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்க முடியாத ஆட்டோ ஓட்டுநரும் சேர்த்துத்தான். அந்த மருத்துவர் நாளைக்கு அதே ஓட்டுநரிடம் 500 ரூபாய் கன்சல்டேஷன் வாங்குவார்.

கொல்லிமலைக்காரி:

கன்சல்டேஷன் கதையை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பாலாறு சார் "வருமானம் குறைந்தவர்களுக்கு முழு விலக்கு" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார். அந்த ஒரு வரியில்தான் என் படிப்பே இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எஸ்.டி. மாணவி. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் சுயநிதிப் பிரிவு. காலையில் உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதி. அதே கட்டடம், அதே பெஞ்சு, கட்டணம் மட்டும் பல மடங்கு. 2012இல் வந்த அரசாணை 92 இருக்கிறது: வருமான வரம்புக்குள் வரும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கும், வரம்பு பிறகு 2.5 லட்சமானது. காகிதத்தில் நான் ஒரு ரூபாய் கட்டவேண்டியதில்லை. அலுவலகத்தில் சொன்னது: "முதலில் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்." அம்மா தோட்டைக் கழற்றினார்.

உதவித்தொகை கல்வியாண்டு முடியும் நேரத்தில்தான் வரும். எஸ்.சி. மாணவர்களுக்கு ஒன்றிய அரசு பங்கு 60 சதவீதம் இப்போது மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது, மாநிலப் பங்கு தனி. கணக்கில் ஆதார் சேரவில்லை என்றால் பணம் திரும்பிப் போகும். வந்த பணத்தைக் கல்லூரிக்குக் கட்டவில்லை என்றால் ஹால் டிக்கெட்டை நிறுத்துவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இ-சேவை மையத்தில் வரிசை, வி.ஏ.ஓ. விசாரணை, அந்த ஒரு நாள் கூலி போச்சு. விலக்கு என்பது பணம் கட்டாமல் இருப்பது இல்லை சார். இன்னொரு வரிசையில் போய் நிற்பது. எல்லோருக்கும் பூஜ்யம் என்று இருந்தால் இந்த வரிசை ஒன்றாவது மிச்சம்.

பாலாற்றங்கரை:

கொல்லிமலைக்காரி அம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. ஆனால் அது விலக்குக் கொடுக்கும் முறை பற்றிய குறை. 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். 2021 சட்டத்தின் கீழ் பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றிலும் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அங்கே மாணவரிடம் முதலில் கட்டு என்று கேட்க வழியில்லை, அரசு கல்லூரிக்கு நேரே தருகிறது. அதே மாதிரி, பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் பதிவு எண்ணை வைத்தே யார் அரசுப் பள்ளி என்று தெரிந்துவிடுகிறதே. வருமானச் சான்றே வேண்டாம். அரசுப் பள்ளியிலிருந்து வந்தால் பூஜ்யம். தனியார் பள்ளியில் லட்சம் கட்டிவிட்டு வந்தவர் 10,000 கட்டட்டும்.

நடு பெஞ்ச்:

இது பரவாயில்லை சார். ஆனால் எங்க கிளாஸில் தனியார் பள்ளியிலிருந்து வந்தது நான்கைந்து பேர்தான். அவர்கள் பணத்தில் வாத்தியார் வருவாரா?

கறிவேப்பிலை:

அதுதான் விஷயம். கட்டக்கூடியவர்கள் நான்கைந்து பேர் என்றால் அதில் வரும் பணம் வசூல் செலவுக்கே போகும். கட்டக்கூடியவர்கள் நிறைய வேண்டும் என்றால் விலக்கு வரம்பைக் கீழே இழுக்கவேண்டும். 2016இல் ஐ.ஐ.டி.யில் நடந்தது அது. 90,000 ரூபாயாக இருந்த ஆண்டுக் கட்டணம் 2 லட்சமானது. எஸ்.சி., எஸ்.டி.க்கும் ஒரு லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கும் முழு விலக்கு, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. ஐந்தரை லட்சம் சம்பாதிக்கும் அப்பா வங்கியில் கல்விக் கடனுக்கு நிற்கிறார். ஐ.ஐ.டி. மாணவனுக்கு வங்கி கடன் தரும். எங்கள் ஊர் பி.ஏ. வரலாறு மாணவனுக்கு எந்த மேனேஜர் தருவார்?

பேரேடு:

சரி, கட்டணமே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியதே, ஏன்? அரசு தரும் பங்கு மொத்தச் செலவில் பாதிக்கும் கீழே போய்விட்டதால் வரிவிலக்கு கிடையாது என்பது அவர்கள் வாதம். அதாவது அரசு மானியத்தைக் குறைத்தது, பல்கலைக்கழகம் கட்டணத்திலும் தொலைநிலைக் கல்வியிலும் சம்பாதித்தது, சம்பாதித்ததற்கு வரி கேட்டார்கள். மானியமும் ஏறாது, கட்டணமும் ஏறக்கூடாது என்றால் பென்ஷன் யார் கொடுப்பது? இதற்கு இந்தத் திரியில் யாரும் பதில் சொல்லவில்லை.

கறிவேப்பிலை:

பதில் அதிலேயே இருக்கிறது. மானியத்தைக் குறைத்ததால் வந்த வினை. குறைத்தவரிடம் கேளுங்கள், பதினெட்டு வயசுப் பையனிடம் இல்லை.

பழைய சூப்பிரண்ட்:

நீங்கள் இருவரும் விடிய விடிய இதையே பேசுவீர்கள். பாலாறு சார், அந்த 1,000 ரூபாய்க்கு வருகிறேன். கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் ரசீது கேளுங்கள், நாள் போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு: கழகத்தின் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவு, அதிலிருந்து சம்பளம் பெறும் ஆசிரியர்கள் எத்தனை பேர், மாணவரிடம் இந்தத் தொகை வாங்க எந்த உத்தரவு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மாணவி பெயரில் போடாதீர்கள், உங்கள் பெயரில் போடுங்கள். அவளுக்கு அங்கே இன்னும் ஆறு செமஸ்டர் இருக்கிறது.