மூன்றடித் தொட்டியில் ஆப்பிரிக்கன் சிக்லிட் சண்டை: கறுப்பு மீனை மட்டும் எடுத்தால் போதுமா?

ஈரமணல் எழுதியது:

வணக்கம். எட்டு மாதமாக ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்க்கிறேன். இதுவரை பெரிதாக எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை. ஆனால் கடந்த இரண்டு வாரத்தில் இரண்டு மீன் போய்விட்டன. இரண்டுக்கும் வால் கந்தலாகக் கிழிந்திருந்தது. ஒன்றுக்கு விலாப் பக்கம் செதில் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. நோய் மாதிரி இல்லை, அடித்துத்தான் கொன்றிருக்கின்றன.

தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். உள் ஃபில்டர், மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருக்கிறது. நடுவில் கற்களைக் குவித்துக் குகை மாதிரி கட்டியிருக்கிறேன். குட்டியாக இருக்கும்போது கலவையாக வாங்கியவை. இப்போது ஒன்பது இருக்கின்றன: எலக்ட்ரிக் எல்லோ நான்கு, ஆரஞ்சு நிற ரெட் ஜீப்ரா இரண்டு, மஞ்சள் உடம்பில் நீளவாக்கில் கறுப்புப் பட்டை ஓடும் மீன் இரண்டு, கறுப்பு மீன் ஒன்று. அந்தக் கறுப்பு மீன்தான் வில்லன். நடுக் குகையை விட்டு நகர்வதில்லை, பக்கத்தில் எது போனாலும் துரத்துகிறது. அதை வாங்கிய ஞாபகம்கூட எனக்கு இல்லை. பட்டை போட்டவை முதலில் மூன்று இருந்ததாக நினைவு.

எல்லோக்களில் ஒன்று மூன்று நாளாக ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது, சாப்பிடவே வருவதில்லை. அடுத்து அதுதான் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கறுப்பை எடுத்துவிட்டால் சரியாகுமா? இதே நீளத்தில் உயரம் மட்டும் இரண்டடியாக ஒரு தொட்டி கிடைக்கிறது, மாற்றலாமா? மீன்களை இன்னும் அதிகமாகப் போட்டால் சண்டை குறையும் என்கிறார்களே, அது உண்மையா?

பாறைக்குடி எழுதியது:

ஈரமணல், மூன்றாவது பட்டை மீன் எங்கேயும் போகவில்லை. அந்தக் கறுப்புதான் அது. ஆரட்டஸ் என்கிற இனம் இது. குட்டியில் எல்லாமே மஞ்சளில் கறுப்புப் பட்டையாக இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்து தலையெடுக்கும்போது நிறம் தலைகீழாக மாறிவிடும்: உடம்பு கறுத்து, பட்டை வெளிறிவிடும். எட்டு மாதம் அமைதியாக இருந்து திடீரென்று கலவரம் ஆனதற்குக் காரணமும் இதுதான். மீனின் குணம் கெட்டுப்போகவில்லை, வயதுக்கு வந்திருக்கிறது.

ம்புனா என்று சொல்லப்படும் மலாவி ஏரிப் பாறை மீன்களிலேயே முரட்டு இனங்களில் ஒன்று ஆரட்டஸ். நான் வைத்திருந்து பட்டிருக்கிறேன். கறுப்பை மட்டும் எடுத்தால் நாலு நாள் நிம்மதி இருக்கும், அப்புறம் மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்று கறுக்க ஆரம்பிக்கும். அது பெண்ணாகவே இருந்தாலும், கூட்டத்துக்குத் தலைமையாக வந்துவிட்டால் சில சமயம் ஆண் மாதிரி கறுக்கும். அதனால் மூன்றையும் சேர்த்து எடுங்கள். நாலடியோ அதற்கு மேலோ தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கிற மீன்களுக்கு அது செய்யும் கெடுதலைத் திருப்பி எடுக்க முடியாது.

உயரமான தொட்டி வேண்டாம். உயரம் கூடினால் லிட்டர் கூடும், ஓடுவதற்கு இடம் கூடாது. துரத்தப்படும் மீன் பக்கவாட்டில்தான் ஓடுகிறது. மூன்றடியில் கண்ணாடியில் முட்டித் திரும்பி, துரத்துகிறவன் வாய் முன்னாலேயே வந்து நிற்கிறது. மாற்றுவதென்றால் நீளத்தைக் கூட்டுங்கள். 48 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம் என்றால் சுமார் 255 லிட்டர் வரும். ம்புனா கலவைக்கு நான் அதற்குக் கீழே சொல்லவே மாட்டேன். உங்களுடையது கணக்குப்படி 159 லிட்டர். மணலும் கல்லும் எடுத்துக்கொண்ட இடம் போக, உள்ளே தண்ணீர் அதைவிடக் குறைவு.

நாலடிவாசி எழுதியது:

அதிகமாகப் போட்டால் சண்டை குறையும் என்பது பொய் இல்லை. என் நாலடித் தொட்டியில் 22 ம்புனா இருக்கின்றன. ஒரே மீனைக் குறிவைத்து அடிக்க அவற்றுக்கு முடிவதில்லை. துரத்த ஆரம்பிக்கும்போதே நடுவில் இன்னொன்று குறுக்கே வந்துவிடும், கவனம் சிதறிவிடும். ஈரமணலும் இன்னும் பத்து போட்டுப் பார்க்கலாம்.

பாறைக்குடி எழுதியது:

நாலடிவாசி, உங்களுக்குச் சரியாக வந்ததற்குப் பின்னால் இருக்கிற உழைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் தொட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் இரண்டு ஓட்டுகிறீர்கள், வாரம் தவறாமல் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். இங்கே இருப்பது 600 லிட்டர் உள் ஃபில்டர் ஒன்று. புதிதாக இருக்கும்போதே மணிக்கு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, பஞ்சில் அழுக்குச் சேர்ந்தால் இன்னும் குறையும். இதில் பத்து மீனைச் சேர்த்தால் சண்டைக்கு முன்னால் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவே கொன்றுவிடும்.

கூட்டமாக வைப்பது எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. டெமசோனி என்கிற ம்புனா இனத்துக்கு அது கட்டாயம்: மூன்று நான்கு வைத்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும், பன்னிரண்டுக்கு மேல் வைத்தால்தான் அடங்கும். கிழிந்த வாலோடு மீன் நிற்கும்போது கூட்டத்தைக் கூட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஈரமணல், தண்ணீர் டெஸ்ட் செய்தீர்களா? எவ்வளவு நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்?

துள்ளல் எழுதியது:

எல்லாரும் கறுப்பு மீனையே பேசுகிறீர்கள், எனக்கு அந்த எல்லோ மேல்தான் கண். தம்பி, ஹீட்டருக்குப் பின்னால் நிற்கிற மீனைக் கொஞ்சம் நேரம் கிட்டே போய்ப் பாருங்கள். கீழ்த்தாடை பை மாதிரி இறங்கியிருக்கிறதா? வாயில் எதையோ வைத்துக்கொண்டு விட்டுவிட்டு மெல்லுகிற மாதிரி அசைக்கிறதா? வயிறு ஊதியிருக்கிறதா, கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறதா?

ஈரமணல் எழுதியது:

அக்கா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வயிறு ஒட்டித்தான் இருக்கிறது. தாடை நீங்கள் சொன்ன மாதிரியே இறங்கியிருக்கிறது. பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை வாயை லேசாகத் திறந்து உருட்டுகிற மாதிரி செய்கிறது. பெல்லட் தீனி மூக்குக்கு நேரே விழுந்தது, பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டது.

பாறைக்குடி அண்ணா, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 80 காட்டுகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுவேன்.

துள்ளல் எழுதியது:

தம்பி, அது நோயாளி இல்லை, தாய்! வாயில் முட்டை வைத்திருக்கிறாள். ம்புனாப் பெண்கள் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிப்பார்கள். கிட்டத்தட்ட மூன்று வாரம், சில சமயம் நாலு வாரம்கூட சரியாகச் சாப்பிட மாட்டார்கள். வயிறு ஊதி, வெள்ளைக் கழிவு தொங்கி, மூச்சு வாங்கியிருந்தால் வேறு பேச்சு, அது மலாவி ப்ளோட் என்கிற வயிறு ஊதும் நோய். இவளுக்கு அது இல்லை.

ஆனால் இந்தத் தொட்டியில் மூன்று வாரம் தாங்க மாட்டாள். துரத்தல் அதிகமானால் முட்டையைத் துப்பிவிடுவாள் அல்லது விழுங்கிவிடுவாள். நாற்பது லிட்டர் மாதிரி சின்னத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிய ஒரு குழாய்த் துண்டு, இவ்வளவு போதும். தண்ணீரைப் பழைய தொட்டியிலிருந்தே எடுங்கள், ஸ்பாஞ்சையும் இரண்டு நாள் அதிலேயே ஓடவிட்டு மாற்றுங்கள். இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பெரிய வலையில் மெதுவாக ஒதுக்கி, தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஏற்றிக்கொண்டு போங்கள். வலையோடு வெளியே தூக்கினால் துப்பிவிட வாய்ப்பு அதிகம்.

குஞ்சுகளை விட்டதும் உடனே பெரிய தொட்டியில் போட்டுவிடாதீர்கள். மெலிந்துபோயிருப்பாள், அங்கே அவளுக்கு இருந்த இடமும் போயிருக்கும். ஒரு வாரம் சாப்பிட்டு உடம்பு தேறட்டும்.

பாறைக்குடி எழுதியது:

அருமை துள்ளல், நான் கோட்டைவிட்டதைப் பிடித்துவிட்டீர்கள்.

ஈரமணல், நைட்ரேட் 80 அதிகம். 40-க்குக் கீழே கட்டாயம், 20 பக்கம் இருந்தால் நல்லது. ஆனால் ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றி இறக்காதீர்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு வீதம் மாற்றி இறக்கிவிட்டு, அப்புறம் வாரம் ஒரு முறை 30 முதல் 40 சதவீதம் என்று நிலைப்படுத்துங்கள். கிழிந்த துடுப்பு நல்ல தண்ணீரில் தானாக வளரும், மருந்து தேவையில்லை.

அடுத்தது கல். நடுவில் ஒரே குவியல் என்றால் ஒரே அரண்மனை, ஒரே ராஜா, மிச்சப் பேர் எல்லாம் வெட்டவெளியில். அதைக் கலைத்துவிட்டு இரண்டு மூன்று தனிக் குவியலாக, தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை கட்டுங்கள். ஒரு மூலையில் நிற்கிற மீனுக்கு மறு மூலையில் நிற்பது கண்ணில் படக்கூடாது. துரத்தல் பாதி குறைவது அங்கேதான். கண் மறைந்த உடனே துரத்துகிற மீன் வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிடும், உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் வையுங்கள், ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொள்ளும். அடிக்கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். கண்ணாடித் தளத்தில் மெல்லிய ஃபோம் போட்டு அதன்மேல் கல், பிறகு மணல். இவை தோண்டுகிற மீன்கள், மணலைப் பறித்தால் கல் சரிந்து மீனையோ கண்ணாடியையோ பதம் பார்த்துவிடும்.

ரெட் ஜீப்ரா இரண்டையும்கூட முடிந்தால் கொடுத்துவிடுங்கள். மூன்றடிக்கு அவை அதிகம், எல்லோவோடு கலந்து குட்டியும் போடும். எல்லோவை எட்டு வரை கூட்டி, ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். கூட ரஸ்டி சிக்லிட் மாதிரி சாதுவான இனம் ஒன்று போதும். ஃபில்டர் 1000 லிட்டருக்கு மேல் வேண்டும்.

நீலவால் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் இருக்கின்றன, இவையும் இப்போது முட்டிக்கொள்கின்றன. கல் வைத்துப் பிரித்தால் சரியாகுமா?

பாறைக்குடி எழுதியது:

நீலவால், கல் இங்கே உதவாது. ஆஸ்கர் ஓரடி வரை வளரும். இரண்டடித் தொட்டியின் அகலம் பெரும்பாலும் ஓரடிதான், முழுதாக வளர்ந்த மீனுக்கு உடம்பைத் திருப்பவே இடம் இருக்காது. ஒன்றுக்கே நாலடி வேண்டும், இரண்டுக்கு ஆறடி. தொட்டி வரும் வரை நடுவில் ஒரு தடுப்புப் போட்டுப் பிரியுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஆப்பிரிக்கனோடு மட்டும் சேர்க்காதீர்கள். மலாவி மீனுக்குக் கடினமான, பி.எச். 8 பக்கம் உள்ள தண்ணீர் வேண்டும், தென் அமெரிக்க ஆஸ்கரின் சொந்தத் தண்ணீர் மென்மையானது.

ஈரமணல் எழுதியது (நான்கு வாரம் கழித்து):

ஆரட்டஸ் மூன்றும் ஜீப்ரா இரண்டும் ஆறடித் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போய்விட்டன. கற்களை மூன்று குவியலாக மாற்றிவிட்டேன். முதல் இரண்டு நாள் மிச்சமிருந்த எல்லோ மூன்றும் குகை குகையாக நுழைந்து பார்த்துக்கொண்டே இருந்தன. இப்போது நடுவில், வெட்டவெளியிலேயே நீந்துகின்றன. நைட்ரேட் 20-க்கு வந்துவிட்டது.

துள்ளல் அக்கா, தாய் முட்டையைத் துப்பவில்லை. பத்தொன்பதாவது நாள் காலையில் குழாய்த் துண்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக ஏதோ ஓடியது. எண்ணினேன், பதினான்கு. நான் கிட்டே போனதும் அவள் வாயைத் திறந்தாள், ஆறேழு உள்ளே போய்விட்டன. என் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒரே சந்தேகம். தொட்டியில் அப்போது ஜீப்ராவும் இருந்ததே, இந்தக் குஞ்சுகள் கலப்பாக இருக்குமா?

துள்ளல் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. கலப்பாக இருக்கலாம், இப்போதே பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்தபின் முதுகுத் துடுப்பில் எல்லோவுக்கு இருக்கும் கறுப்புக் கோடு தெளிவாக வராமல், உடம்பு ஆரஞ்சு பக்கம் போனால் சந்தேகப்படலாம். ஆனால் பார்க்க எல்லோ மாதிரியே இருக்கிற கலப்பும் உண்டு. அதனால் யாருக்குக் கொடுத்தாலும் கலப்பாக இருக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள், சுத்த எல்லோ என்று கொடுக்க வேண்டாம். இப்போதைக்குப் பெல்லட்டை நன்றாகப் பொடித்து ஒரு நாளைக்கு மூன்று வேளை சிட்டிகையளவு போடுங்கள். அம்மாவை வரும் வாரம் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, மற்ற மீன்களுக்குச் சாப்பாடு போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று கல்லை இடம் மாற்றி வைத்துவிடுங்கள்.